ஊசித் திருகில் அரைச் சுற்று

என் பெயர் ரசாக், வயது 52, த/பெ அப்துல் சுக்கூர். கோவை உக்கடத்தில் குடியிருந்து, முப்பது வருடமாகப் பம்புசெட் இன்ஜின் பழுதுபார்க்கும் பட்டறை நடத்தி வருகிறேன். கல்லூரி ஆசிரியை மௌனிகாவை இரண்டு வருடமாகத் தெரியும். அவர் ரிமோட்டில் பறக்கவிடும் மாதிரி விமானத்தின் சிறிய ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் அடிக்கடி நின்றுபோனதால் என்னிடம் கொடுத்தார். வால்வு இடைவெளியைச் சரிசெய்து கொடுத்தேன்.

கடந்த 9ஆம் தேதி ஞாயிறு காலை ஏழு மணிக்கு, கோபிசெட்டிபாளையம் அருகே அறுவடை முடிந்த வயலில் அதைப் பறக்கவிடப் போனோம். மௌனிகா இன்ஜினைக் கிளப்பி, எரிபொருள் வரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஊசித் திருகை இரண்டரைச் சுற்று திறந்து வைத்து, அதை நோட்டிலும் எழுதினார். சத்தம் மந்தமாக இருக்கிறதே என்று நான் கேட்டதற்கு, "அப்படியே இருக்கட்டுங்கண்ணா. மூக்கைத் தூக்கி ஏறும்போது எண்ணெய் பத்தாம போயிருமுங்க" என்றார். அதன் பிறகு இன்ஜினை நிறுத்திவிட்டு, காற்றின் திசை பார்க்க வரப்புக்குப் போனார். பம்புசெட்டில் மந்தமான சத்தம் என்றால் அது நோய். என் கை சும்மா இருக்கவில்லை. மறுபடி கிளப்பி, திருகை அரைச் சுற்று மூடினேன். சத்தம் கணீரென்று ஆனது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது. அவரிடம் சொல்லவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவன் நான்தான்.

அதன் பிறகு மௌனிகா வந்து பறக்கவிட்ட விமானம், மேலே ஏறும்போது எண்ணெய் பத்தாமல் இன்ஜின் நின்றுவிட்டது. "ஒதுங்குங்க, ஒதுங்குங்க" என்று கத்திக்கொண்டே மௌனிகா அதை ஆளில்லாத பக்கம் திருப்பினார். அந்நேரம் வாழைத் தோட்டத்திலிருந்து வெளியே வந்த விவசாயி செங்கோட்டையனின் தோளில் அது விழுந்து எலும்பு முறிந்தது. நாங்கள் இருவரும்தான் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

மௌனிகா வித்தை காட்டப்போய் விமானம் விழுந்ததாகச் செங்கோட்டையனின் மகன் புகார் கொடுத்ததையும், கல்லூரி அவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்ததையும் நேற்றுதான் அறிந்தேன். வெட்கமாக இருந்தது. பக்கத்துப் பட்டறை தனபால், "புகார்ல உங்க பேரே இல்லீங்களே பாய், எதுக்கு நீங்களா போய் மாட்டிக்கறீங்க?" என்றார். "மாட்டோணும்னுதானுங்க போறேன்" என்று சொல்லிவிட்டு, இன்று காலை முதல் பஸ்ஸைப் பிடித்து இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

கைப்பற்றி வைத்திருக்கும் இன்ஜினை எடுத்து, திருகை மூடும்வரை சுற்றை எண்ணிப் பார்க்கும்படி கேட்டேன். என் முன்னிலையில் எண்ணினார்கள். மௌனிகாவின் நோட்டில் இரண்டரை, திருகில் இரண்டுதான் வந்தது. அந்த அரைச் சுற்று என்னுடையது. குற்றம் சாட்டப்பட்ட எதிரி என்ற இடத்தில் மௌனிகாவின் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதிக்கொள்ளவும்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். யாரும் தூண்டாமல் நான் சொன்னதே இதில் இருக்கிறது. கூட்டியதும் குறைத்ததும் இல்லை. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
அ. ரசாக்