யாரும் இறந்ததாகச் சொல்லவில்லை

காலைத் தேநீருக்குப் பால் காய்வதற்குள், என் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துவிடுவேன். அல்மாத்தி நகரில் எங்கள் மருத்துவ ஆய்வகத்தில் எல்லோரும் பார்ப்பார்கள். நான் கொஞ்சம் சீக்கிரம் எழுந்து பார்ப்பேன், அவ்வளவுதான்.

"அம்மா, இன்னிக்கு ஏறுச்சா?" என்று படுக்கையிலிருந்தே கம்ஷாத் கேட்பாள்.

"ரெண்டு."

"ரெண்டுதானா? நம்ம பூனை இதைவிட ஜாஸ்தி குட்டி போடும்."

கம்ஷாத் என் தம்பி ஒராஸ்பெக்கின் மகள். எனக்குப் பிள்ளை இல்லை. பிறந்த நாற்பதாம் நாள் அவளை என் மடியில் வைத்து, "இனி இவ உன் பொண்ணுக்கா. நான் வெறும் மாமன்" என்று சொல்லிவிட்டுத் தன் ஊரான கிசிலோர்தாவுக்கு ரயிலேறினான். எங்களில் இது புதிதல்ல. கொடுத்தவர்கள் திரும்பக் கேட்பதில்லை.

விசாரணைக் குழுவினராகிய நீங்கள் கட்டுரையைப் பற்றிக் கேட்டீர்கள். இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குச் சிகிச்சையின் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் மாத்திரைகளை ஆறு மாதம் முன்னதாகவே நிறுத்தலாம் என்பது என் கருத்து. அந்த மாத்திரைகள் பிள்ளைகளை வாட்டி எடுக்கும். கருத்தில் இரக்கம் இருந்தது. அதை இப்போதும் சொல்வேன்.

அப்படி முன்னதாக நிறுத்திப் பார்த்தது அறுபத்துநான்கு குழந்தைகளுக்கு. இரண்டு வருடம் கழித்து ஒவ்வொரு வீட்டுக்கும் நானே தொலைபேசியில் பேசினேன். ஐம்பத்துமூன்று வீடுகளில் பிள்ளையையே கூப்பிட்டுப் பேசவைத்தார்கள். பதினொரு வீடுகளில் அப்படிச் செய்யவில்லை. "போன்ல என்னத்தப் பேசறது டாக்டர், ஒரு தடவை நேர்ல வாங்க. உக்காந்து டீ குடிப்போம்" என்றார்கள். எங்கள் மக்கள் சாவுச் செய்தியைத் தொலைவிலிருந்து சொல்லமாட்டார்கள். ஆளை உட்காரவைத்து, பெரியவர் ஒருவர் சுற்றிவளைத்துத்தான் சொல்வார்.

யாரும் இறந்ததாகச் சொல்லவில்லை. எனவே பதினொரு பேரையும் உயிரோடு இருப்பவர்களாக எழுதினேன். அட்டவணை சுத்தமாக வந்தது.

மூன்று வருடத்தில் நானூறு மேற்கோள்கள். எங்கள் மருத்துவமனையிலேயே என் முறை நடைமுறைக்கு வந்தது. ஏழு வயதில் கம்ஷாத்துக்கு அதே நோய் வந்தபோது, அவளையும் அங்கேதான் சேர்த்தேன். மருந்துக்கு நோய் நன்றாகவே கேட்டது. முடி கொட்டிய தலையைத் தடவிக்கொண்டு, "அம்மா, நான் இப்ப மாமா மாதிரியே இருக்கேன்ல?" என்று சிரித்தாள். தம்பிக்கு வழுக்கை.

மாத்திரையை நிறுத்தும் மாதம் வந்தது. அவளைப் பார்த்துவந்த இளம் மருத்துவர் பெக்சாத் கதவை மூடிவிட்டு, மூத்த பெண்களை எங்களில் அழைப்பதுபோல் 'அபாய்' என்று அழைத்துக் கேட்டான்.

"அபாய், உங்க முறைப்படி இப்பவே நிறுத்திடலாமா? இல்ல, நம்ம பொண்ணாச்சே, பழையபடி இன்னும் ஆறு மாசம் குடுப்போமா? யாருக்கும் தெரியாது."

தெரியும். பேராசிரியர் பட்டத்துக்கான வாக்கெடுப்பு அடுத்த வாரம் இருந்தது. தன் மகளுக்கே அந்த முறையை நம்பாதவள் என்று ஒரு வாய் சொன்னால் போதும்.

"எல்லாப் பிள்ளைங்களுக்கும் எதுவோ, என் பிள்ளைக்கும் அதுதான்" என்றேன்.

பெக்சாத்துக்குக் கண் கலங்கிவிட்டது. செவிலியர்கள் என் நேர்மையைப் பற்றிப் பல நாள் பேசினார்கள். வாக்குகள் ஒன்றுகூடக் குறையவில்லை.

ஐந்தாவது மாதம் நோய் திரும்பியது. அவளுக்கு அப்போது ஒன்பது வயது. கடைசி வாரம் அவள் எதையும் கேட்கவில்லை. என் சுண்டுவிரலை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடி தளர்ந்த பிறகும் நான் விரலை எடுக்கவில்லை. பெக்சாத் வந்து எடுத்துவிட்டான்.

தம்பியை நான்தான் அழைத்தேன். "ஒராஸ்பெக், கிளம்பி வா. உக்காந்து டீ குடிப்போம்" என்றேன். என்ன, ஏது என்று அவன் கேட்கவே இல்லை. அங்கேயே ஓலமிட்டான்.

ஆம், எனக்குத் தெரியும். பதினொரு பேரும் இறந்துவிட்டார்கள் என்பது அந்த அழைப்புகளின்போதே தெரியும். அந்த ஆறு மாத மாத்திரை என் மகளைக் காப்பாற்றியிருக்கக்கூடும் என்பதும் தெரியும். அவளையும், என் கட்டுரையை நம்பிய ஊர்களில் எத்தனை பிள்ளைகள் உண்டோ அவர்களையும் கொன்றது நான்தான். கட்டுரையைத் திரும்பப் பெறக் கையெழுத்துப் போடுகிறேன்.

அவள் போன பிறகு எழுதிய சிறிய கட்டுரையை மட்டும் விட்டுவிடுங்கள். நோய் திரும்புவதைப் பற்றியது. அதில் 'ஒன்பது வயதுச் சிறுமி' என்று வருவது கம்ஷாத். பெயர் போடும் வழக்கமில்லை. இதுவரை முப்பத்தொரு பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். ஒரு தாய் தன் மகளுக்கு இதைவிட என்ன செய்துவிட முடியும்?