துரைக்குத் துணையாக நடந்தவருக்கு

கயிறு பிடித்தும் இழுக்காத கையரே! காலடி ஓசை ஒன்றினாலேயே கூண்டுகள் அனைத்தையும் வாலாட்ட வைத்தவரே! அடையாள அட்டையில் 'விலங்குப் பராமரிப்பாளர்' என்றும், எங்கள் வாயில் 'கயிற்று மாமா' என்றும் பெயர் பெற்றவரே! வணக்கம்.

தசை நலியும் நோயோடு பிறந்த நாய்கள் நம் ஆய்வுக்கூடத்தில் வளர்கின்றன. அதே நோய் குழந்தைகளுக்கும் வருவதால், ஒரு மருந்து உதவுகிறதா என்பதை முதலில் இவற்றின் நடையில் பார்க்கிறோம். தரையில் அழுத்தத்தை உணரும் பாய், நாயின் உயரத்தில் கேமரா, இடுப்பிலும் முழங்காலிலும் வெள்ளைப் பொட்டுகள். ஒட்டிய பொட்டை நக்கியே உரித்துவிடும் நாயிடம், "கல்யாணப் பொண்ணு மாதிரி கொஞ்ச நேரம் சும்மா இரும்மா" என்று நீங்கள் கெஞ்சுவதைக் கேட்டுச் சிரிக்காதவர் இங்கே இல்லை. பாயில் கால் வைத்ததும் வாய் திறக்க மாட்டீர்கள். கூப்பிடக் கூடாது, கொஞ்சக் கூடாது, நாய் தன் போக்கில் நடக்க வேண்டும். பிஸ்கட் மணக்கும் சட்டையைக்கூட மாற்றிக்கொண்டு வந்த நேர்மை உங்களுடையது!

துரையைச் சொல்லாமல் உங்களைச் சொல்ல முடியாது. பின்னங்கால்களை முயல்போலச் சேர்த்துத் தாவினாலும் தோரணை குறையாதவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். புதிய மருந்து தொடங்கியபின் அவன் எட்டி வைக்கும் அடி நீண்டது, மகிழ்ந்தோம். சென்ற மழைக்காலத்தில் அது வாரத்துக்கு வாரம் குறுகியது. மருந்து பலிக்கவில்லை, நிறுத்திவிடலாம் என்று டாக்டரம்மா கூட்டத்தில் சொன்னபோது, கடைசி வரிசையிலிருந்து எழுந்தீர்கள்.

"நிறுத்திடாதீங்க டாக்டரம்மா. நொண்டுறது அவன் இல்ல, நான்."

முழங்கால் வலியை மறைத்திருந்தீர்கள். கேமராவில் உங்கள் செருப்பு மட்டுமே விழும். மற்ற நாய்கள் உங்களை முந்திப் போயின. துரை மட்டும் உங்கள் காலைப் பார்த்துப் பார்த்துத் தன் அடியைச் சுருக்கிக்கொண்டான்.

"முன்னாடியே சொல்றதுக்கென்ன மாமா?"

"சொன்னா கயித்த வாங்கிடுவீங்களேம்மா."

"நல்ல ஜோடி சேந்தீங்க போங்க" என்று கடிந்துகொண்டே டாக்டரம்மா கண்ணாடியைத் துடைத்தார்.

நீங்கள் பயந்தபடியே கயிற்றை வாங்கிக்கொண்டோம். மறுநாள் தீவனக்கூடத்து அக்கா பிடித்து நடந்தார். துரையின் அடி பழையபடி நீண்டது, மருந்து தொடர்ந்தது, இன்றும் தொடர்கிறது. அளவெடுக்கும் நேரமெல்லாம் கதவுக்கு வெளியே நின்றீர்கள். உங்கள் குரல் கேட்டால் அவன் திரும்பிவிடுவான் என்று இருமலைக்கூட விழுங்கினீர்கள். எங்கள் அளவுகளை இன்று நாங்கள் நம்புகிறோம் என்றால், உங்களுக்கு உயிரான ஒன்றை நீங்களே விட்டுக்கொடுத்ததால்தான். அதற்கு நன்றி என்ற சொல் போதாது. வேறு சொல்லும் எங்களிடம் இல்லை.

வலி விலகி, வாழ்வு நீண்டு, வீட்டார் சூழ நலமே நிறைந்திருங்கள் மாமா! முழங்காலை இனியாவது வைத்தியரிடம் காட்டுங்கள். உங்கள் பணி ஓய்வு விழா முடிந்ததும் பாயைச் சுருட்டி வைத்துவிடுகிறோம். துரையை வெளிவாசல் வரை நீங்களே நடத்திச் செல்லுங்கள். இருவரும் எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் வாருங்கள், இன்று யாரும் அளக்க மாட்டோம்.

என்றும் உங்கள் அன்பில்,
நடை அளக்கும் கூடத்துப் பணியாளர்கள்