தங்கையின் கம்ப்யூட்டருக்கு நான் போட்ட காவல்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் முதலில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும். பாதித் தலைவலி அதிலேயே போய்விடும். இந்த ஸ்டேஷனில் உங்கள் மேஜையில் இருப்பதிலும் எழுத்து பொடிப்பொடியாகத்தான் தெரிகிறது சார்.

என் தங்கைக்கும் அதைத்தான் முதலில் செய்து கொடுத்தேன். கண்ணை உறுத்தாத வெளிர்பச்சைத் திரை. ஐந்து நிமிடம் தொடாவிட்டால் தானாகப் பூட்டிக்கொள்ளும். கடவுச்சொல்லும் நான் வைத்ததுதான். அலுவலகத்தில் நூற்றுப்பத்து கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கிறவன் நான். என் காவலைத் தாண்டி ஈ காக்கா நுழைந்ததில்லை. அதற்குக் காரணம் நானே யோசித்து வைத்த ஒரு விதி. தெரியாத முகவரியிலிருந்து வரும் மெயிலில் ‘உடனே’, ‘கடைசி நாள்’, ‘இங்கே அழுத்தவும்’ மூன்றும் இருந்தால், அது யார் கண்ணிலும் படாமல் குப்பைக்குப் போய்விடும். மோசடிக்காரனுக்கு இந்த மூன்றும் இல்லாமல் எழுதவே வராது. மேலாளர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். தங்கைக்கும் அதே விதியைப் போட்டேன். அவள் போனிலும் தெரியாத எண்கள் மணியடிக்காது.

அவளுக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடாது. அறுவை சிகிச்சைக்குப் பெயர் கொடுத்துவிட்டு எட்டு மாதமாகக் காத்திருந்தாள். முறை வந்ததும் மெயில் வரும், பத்து நாளுக்குள் சம்மதம் சொல்ல வேண்டும், ரொம்பத் தள்ளிப்போனால் உயிருக்கு ஆபத்து என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். எனக்கும் அது தெரியும்.

ஞாயிறுதோறும் அவளுடைய குப்பைப் பெட்டியை நான்தான் காலி செய்வேன். மருத்துவமனையின் முதல் கடிதம் அங்கே கிடந்தது; என் விதியின் மூன்று சொற்களும் அதில் இருந்தன. சம்மதம் சொல்ல இன்னும் நான்கு நாள் பாக்கியிருந்தது.

எடுத்துக் காட்டியிருக்கலாம். ஆனால் அது ஏன் குப்பையில் கிடந்தது என்று கேட்பாள். அவளுக்கு வாய் அதிகம். உலகத்துக்கே பூட்டுப் போடுகிறவர் என் ஆபரேஷனையும் சேர்த்துப் பூட்டிவிட்டார் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். என் அலுவலகத்தில் அவளுக்குத் தோழிகள் உண்டு. நினைக்கவே கூசியது. அழித்துவிட்டேன். எப்படியும் இன்னொன்று அனுப்புவார்கள், அதற்குள் விதியைத் திருத்திவிடலாம் என்று உட்கார்ந்தேன். எத்தனை முறை படித்தாலும் அதில் தப்பு தெரியவில்லை.

இரண்டாவது கடிதம், முதலாவதற்குப் பதில் இல்லை என்று தொடங்கியது. அதை எப்படிக் காட்டுவது? அதையும் அழித்தேன்.

அன்று மாலை அவள் மாடிப்படியின் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

“அண்ணா, மெஷின்ல ஏதும் கோளாறு இல்லையே? ஒரு தடவை பாத்துடேன்.”

அவள் எதிரிலேயே திறந்து பார்த்தேன். “நான் போட்டதுல கோளாறு வருமா? உன் முறை இன்னும் வரல, அவ்வளவுதான்.”

அவள் தலையாட்டினாள். என்னைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினாள் சார். அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது கடிதத்தில் முந்தைய இரண்டின் தேதிகளும் இருந்தன. கீழே இரண்டு பொத்தான்கள். சம்மதம் என்று அழுத்தினால் அவளை நேரில் கூப்பிடுவார்கள், பேச்சுவாக்கில் அந்தத் தேதிகள் வெளியே வரும். அவள் பெயரில் ‘சம்மதமில்லை’ என்பதை அழுத்தினேன்.

அதிலிருந்து பதினேழாம் நாள் காலை, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோதே இறந்துவிட்டாள்.

நீங்கள் நினைப்பதுபோல் நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. அந்தப் பொத்தானை அழுத்திய பிறகும், அவள் உயிரோடு இருந்தவரை, மனசு கேட்காமல் தினமும் அந்தக் குப்பைப் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நான்காவதாக ஒரு கடிதம் வந்திருந்தால் கட்டாயம் அவளிடம் காட்டியிருப்பேன். அவர்கள்தான் அனுப்பவில்லை.