மூன்று சுற்றுச் செம்புக் கம்பி

இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் ஆண்டு, ஜூலைத் திங்கள் பதினான்காம் நாள், வெள்ளிக்கிழமை. காலை முதல் ஓயாத மழை. நண்பகலுக்குப் பின் அடர்ந்த மூடுபனி. இன்னும் சற்று நெருங்கி அமருங்கள். அன்று என் நண்பர் சுஜினின் மைத்துனர் ஜோபிக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

பிற்பகல் மூன்றரை மணி. இடுக்கி மலைமேல், ஏலக்காட்டை ஊடறுத்துச் செல்லும் ஜீப் பாதை. ஆள் நடமாட்டமே இல்லை... ஒலிபெருக்கிகளைப் பழுது பார்ப்பவரான ஜோபி, கருவிப் பையைச் சுமந்துகொண்டு எஸ்டேட் மாதா கோயிலை நோக்கி நடந்தார்.

கோயிலைப் பராமரிக்கும் ஏசுதாஸ் அவரைப் பின்புறத் தகரக் கொட்டகைக்கு அழைத்துச் சென்றார். அங்கே இரும்புத் தாங்கியின்மேல் ஆம்ப்ளிஃபயர் இருந்தது.

"நாலு ஃபியூஸ் போயிருச்சு தம்பி. பாட்டு போட்டா நல்லாத்தான் பாடுது. பிலோமி பேரச் சொன்னா மட்டும் படார்னு போயிருது."

"ஆம்ப்ளிஃபயருக்கு ஆள் பேரெல்லாம் தெரியுமாக்கும்?" என்று ஜோபி சிரித்தார். ஏசுதாஸ் சிரிக்கவில்லை.

அந்த எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. தொழிலாளர் குடியிருப்புகளான எல்லா லயங்களுக்கும் கேட்கும்படி, இறந்தவரின் பெயரைக் கோயில் ஒலிபெருக்கியில் சொன்ன பின்னரே அடக்கம் செய்வர். திங்களன்று இறந்த பிலோமியின் பெயரைச் சொல்ல இயலவில்லை. செவ்வாயன்று, சொல்லாமலே அடக்கம் செய்துவிட்டனர்.

"இன்னைக்காவது சொல்லிரணும் தம்பி. மூணு நாளா எனக்கு உறக்கமே இல்ல."

அறிவிப்புத் தாளை மைக்கின் அருகில் வைத்துவிட்டு, அவர் தேநீர் கொண்டுவரச் சென்றார்.

ஜோபி மின் இணைப்பின் இடையே ஒரு குண்டு பல்பைச் சேர்த்துச் சோதித்தார். உள்ளே ஷார்ட் இருந்தால் அந்தப் பல்பு முழு ஒளியுடன் எரியும். அதுவோ ஒருமுறை மின்னி மங்கிற்று. பழுது எதுவும் இல்லை. புதிய ஃபியூஸ் இட்டார், பாட்டு பாடியது. பின்னர் தாளை எடுத்து, "மேல் டிவிஷன் லயம், பிலோமி..." என்று வாசித்தார். படார்! கருகிய நாற்றம்.

அதுவே அவரிடமிருந்த கடைசி ஃபியூஸ். நம் பக்கத்து மெக்கானிக்குகள் யாவரும் செய்யும் தவற்றை அவரும் செய்தார். தடித்த செம்புக் கம்பியை எரிந்த ஃபியூஸின்மேல் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சிட்டார்.

"இப்பப் போ, பாப்போம்."

மீண்டும் அப்பெயரை வாசித்தார். ஃபியூஸ் போகவில்லை...

ம்ம்ம்... என்றோர் இரைச்சல் எழுந்தது. இரும்புக் கதவு அறைந்து சாத்திக்கொண்டது. திறக்கச் சென்றவரின் விரலில் சுரீர் என்றது. பதறிப் பின்வாங்கி மர முக்காலியின்மேல் ஏறினார். மின்சாரம் காட்டும் டெஸ்டரைத் தகரச் சுவரில் வைத்தார், அதன் விளக்கு எரிந்தது. கதவின் கீழ் நுழைந்த மழைநீர் தரையெங்கும் பரவியது. அதில் வைத்தார், எரிந்தது. சுவிட்ச் எதிர்ச்சுவரில் இருந்தது. கால் வைத்தால் உயிர் இல்லை.

"கதவைத் திறங்க! உள்ள மாட்டிக்கிட்டேன்!" என்று மைக்கை நோக்கிக் கத்தினார்.

மலை முழுவதும் அச்சொற்களே ஒலித்தன. ஆனால் குரல்... ஒரு பெண்ணின் குரல்.

தகரத்தின் விரிசல் வழியே பார்த்தார். லயங்களிலிருந்து ஆட்கள் ஓடி வந்தனர், முன்னால் ஏசுதாஸ். பிழைத்தோம் என்று எண்ணினார். அவர்களோ கொட்டகையைக் கடந்து ஓடினர்... கைகளில் மண்வெட்டிகள். கல்லறைத் தோட்டத்தை நோக்கி.

"பிலோமி கூப்பிடுதா! வெட்டுங்கலே, சீக்கிரம்!"

"அண்ணே, இங்க! இங்க இருக்கேன்!" என்று ஜோபி அலறினார். "இங்க இருக்கேன்" என்றது ஒலிபெருக்கி, அந்தப் பெண் குரலில். அவர்கள் இன்னும் விரைந்து வெட்டினர். முக்காலியின் காலில் ஊறிய ஈரம், மரத்தைக் கறுக்கச் செய்தபடி விரற்கடை விரற்கடையாக மேலேறிற்று. அவர் கத்தக் கத்த, மண்வெட்டிகளின் ஓசை வேகம் கொண்டது... பிறகு பலகை பிளக்கும் ஓசை.

அக்கணமே இரைச்சல் நின்றது. டெஸ்டர் அணைந்தது. கீழே குதித்த ஜோபி ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தார். ஃபியூஸின்மேல் கம்பி இல்லை.

கதவைத் தள்ளித் திறந்து வெளியே ஓடி, குழியருகே சென்றார். பெட்டியினுள் பிலோமி நான்கு நாள் பிணமாகவே கிடந்தாள். அவளது ஆள்காட்டி விரலில் செம்புக் கம்பி... மூன்று சுற்று. அதே முடிச்சு.

ஏசுதாஸ் அந்த விரலைத் தொட்டுக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அது சுட்டது. அவரது கைக்கடிகாரத்தில் அப்போது மணி ஐந்து இருபத்தேழு.