மூன்றாம் சிலிண்டர்

பூமியில் எந்த எஞ்சினும் ராயப்பன் காதுக்கு முன்னால் பொய் சொல்ல முடியாது. மேனாம்பேட்டில் அவருடைய ஷெட் வாசலில் சிவப்பு பெயின்டில் இப்படித்தான் எழுதியிருந்தது. எழுதியவர் ராயப்பன்.

அந்தச் சிம்னி விளக்கைக் கொஞ்சம் இறக்குங்கள்… போதும். கரண்ட் வருகிற வரைக்கும் சொல்கிறேன். இந்த ராயப்பன் நம் பாஸ்கலுக்குத் தாய்மாமன். பாஸ்கல் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். பொய்யென்றால் அவனே சொல்லட்டும்.

எண்பத்தாறாம் வருஷம், ஆவணி மாதம். சாயங்காலம் ஆறே முக்கால். அயப்பாக்கம் தாண்டி ஏரிக்கரை ரோடு… ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வேலிகாத்தான் முள். வீடு கிடையாது, விளக்கு கிடையாது. அந்த ரோட்டில் ஒரு கறுப்பு மாரிஸ் மைனர் போய்க்கொண்டிருந்தது. முப்பது வருஷத்து வண்டி. டேஷ்போர்டில் ஒரு முள்ளும் அசையாது. ஓட்டியவர் ராயப்பன். பின்சீட்டில் வண்டிக்குச் சொந்தக்காரர், கள்ளிக்குப்பத்துத் தசரதன். பக்கத்தில் அவர் மனைவி நாகம்மாள், மடியில் மகனுடைய நிச்சயதார்த்தத் தட்டு. குமணன்சாவடியில் பெண் வீடு. சொந்தபந்தமெல்லாம் பஸ்ஸில் முன்னாலேயே போயாயிற்று. ஏழரைக்குள் தட்டு மாற்றியாக வேண்டும். அதற்குமேல் நேரம் சரியில்லை.

ஒரு மாதமாக வண்டி ராயப்பன் ஷெட்டில் கிடந்தது. “வண்டி வழியில நின்னுச்சின்னா, போர்டை அழிச்சிட்டு நான் ரிக்‌ஷா இஸ்துகினு போறேன்” என்று டீக்கடையில் நாலு பேர் கேட்கச் சபதம் போட்டிருந்தார். நாலு பேரும் ஞாபகமாக வைத்திருந்தார்கள்.

ராயப்பன் காது வைத்துப் பார்க்கிற அழகே தனி. நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை எஞ்சின்மேல் வைப்பார். பிடியை இடது காதில் வைப்பார். கண்ணை மூடுவார். பூசை வைக்கிற சாமியார்கூட அவ்வளவு பக்தியாக நிற்க மாட்டார். ஒரு நிமிஷம் கழித்து விரலைக் காட்டுவார். “ரெண்டாவது சிலிண்டர்.” கழற்றிப் பார்த்தால் இரண்டாவதுதான் செத்திருக்கும்.

அந்த இடது காது சின்ன வயசிலேயே அம்மை கண்டு சுத்தமாகச் செவிடாகிவிட்டது. இது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் ராயப்பன். இன்னொருவன் மணவாளன்.

மணவாளன் வண்டிக்கு அடியில் படுத்திருப்பான். வாயில் எந்நேரமும் கிராம்பு. காது அவனுடையது. எத்தனாவது சிலிண்டர் அடிக்காமல் விடுகிறதோ அத்தனை தடவை ஸ்பேனரால் சேசிஸைத் தட்டுவான். ராயப்பன் வலது காதால் அதை எண்ணிக்கொண்டு இடது காதால் தீர்ப்புச் சொல்வார். இருபது வருஷம் இப்படித்தான் ஓடியது. எந்த வண்டி வந்தாலும் மணவாளன் முதலில் இன்னொன்று செய்வான். ஏழு வெட்டுப் போட்ட மூங்கில் குச்சி ஒன்று வைத்திருந்தான், அதை டேங்கில் விட்டுப் பார்ப்பான். அதற்கப்புறம்தான் பானட்டைத் திறக்கவே விடுவான். ராயப்பனுக்கு அது கௌரவக் குறைச்சலாக இருக்கும்.

அந்த ஆனி மாதம் காமாலையில் மணவாளன் போய்விட்டான். குழிமேட்டில் அவன் பெண்சாதி சாமுண்டீஸ்வரி குச்சியை நீட்டினாள். “அண்ணே, அவரு கைப்பட்டது. ஷெட்டுல வச்சிக்கோங்க.”

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. ராயப்பன் தொண்டையைச் செருமினார். “எனக்கு இன்னாத்துக்கும்மா குச்சி? கூடமாட ஸ்பேனர் தொடைச்சிகினு இருந்த பையன்… அவன்கூடவே போவட்டும்.” சொல்லிவிட்டு மணவாளன் நெஞ்சின்மேல் குச்சியை வைத்தார். செம்மண்ணையும் தள்ளினார்.

உள்ளுக்குள் அவருக்கு மணவாளன்மேல்தான் ஆத்திரம். இருபது வருஷம் கூட இருந்துவிட்டு, ஒரு வார்த்தை கற்றுக்கொடுக்காமல் நட்டாற்றில் விட்டுவிட்டானே என்று. கேட்டிருந்தால் கற்றுக்கொடுத்திருப்பான். கேட்கிற வழக்கம் ராயப்பனுக்கு இல்லை.

சரி… ஏரிக்கரைக்கு வருவோம்.

“மணவாளன் இருந்தா இன்னும் தைரியமா இருந்திருக்கும்பா” என்றார் தசரதன்.

“மணவாளனா? தமாஷ் பண்ணாத அண்ணாத்தே. அவனுக்கு இன்னா தெரியும்?”

வண்டி இருமியது.

ஒரு குலுங்கல்… ஓட்டம்… மறுபடி ஒரு இருமல். நாலு துடிப்பில் ஒன்று காணோம். ராயப்பன் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, பானட்டைத் தூக்கினார். சூடு முகத்தில் அடித்தது. கிராம்பு வாசனை அடித்தது.

ஏலக்காய், கிராம்பெல்லாம் தட்டில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

தசரதன் இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். வேறு வழியில்லை. ராயப்பன் ஸ்குரூடிரைவரை எடுத்தார், வைத்தார், கண்ணை மூடினார்.

டக்… டக்… டக்.

மூன்று. வண்டிக்கு அடியிலிருந்து. அதைவிட விஷயம்… அது கேட்டது இடது காதில். நாற்பது வருஷமாகச் செத்துக் கிடந்த காதில்.

ராயப்பனுக்குப் பயத்தைவிட வேறு ஒன்று பெரிதாக வந்தது. ‘மச்சான்… நீ என்ன கைவுடல.’

கண்ணைத் திறந்து, மூன்று விரலைக் காட்டினார். “மூணாவது சிலிண்டர், அண்ணாத்தே.”

கை பொசுங்கப் பொசுங்க மூன்றாவது பிளக்கைக் கழற்றிப் புதிதைப் போட்டார். ஸ்டார்ட் செய்தார். இருமல் அதிகமாயிற்று. மறுபடி காது.

டக்.

“ஒண்ணாவதும் போயிருக்குது.” அதையும் மாற்றினார். இன்னும் மோசம். பிறகு நான்கு தட்டு. பிறகு இரண்டு. டிக்கியிலிருந்த நாலு புது பிளக்கும் ஏறிவிட்டது. மணி ஏழு பத்து. இருட்டிவிட்டது. ஏரியில் ஒரு தவளைகூடக் கத்தவில்லை.

“இன்னா ராயப்பா, ஒவ்வொரு தபாவும் ஒவ்வொண்ணு சொல்ற?” என்றார் தசரதன்.

ராயப்பன் காதை வைத்தார். மூன்று. உடனே ஒன்று. உடனே நான்கு… சிரிக்கிற மாதிரி.

“டேய்!” என்று எஞ்சினைப் பார்த்துக் கத்தினார். “எனக்கே பொய் சொல்றியா? இருவது வருஷம் ஒரே தட்டுல துன்னோமேடா! துரோகி!”

தசரதன் இரண்டு அடி பின்னால் போனார்.

ராயப்பன் வெறிபிடித்த மாதிரி மூன்றாவது பிளக்கின் வயரைப் பிடுங்கினார். எந்த வயரைப் பிடுங்கினால் சத்தம் மாறவில்லையோ அதுதான் செத்த சிலிண்டர். இது கத்துக்குட்டிக்கும் தெரிந்த சோதனை. சத்தம் மாறவில்லை. ஒன்றைப் பிடுங்கினார். மாறவில்லை. நான்கு… இரண்டு…

நாலு வயரும் தொங்கின.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இருமல் இல்லை, குலுங்கல் இல்லை. மணவாளன் கைவைத்த வண்டிகள் ஓடுமே, அப்படி… பட்டு மாதிரி.

ராயப்பன் எட்டிச் சாவியைத் திருப்பி அணைத்தார். நிற்கவில்லை. சாவியை உருவினார். நிற்கவில்லை.

“பேரு வந்ததெல்லாம் உன்னாலதான்டா” என்றார் கடைசியில். “காது உன்னுதுதான்… போதுமா?”

பட்டென்று நின்றது.

அதற்குள் நாகம்மாள் தட்டை சீட்டில் வைத்துவிட்டு, பின்பக்கம் போயிருந்தாள். நிலம் நீச்சு பார்த்த பொம்பளை, பம்புசெட் நின்றால் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். டேங்க் மூடியைத் திருகினாள்.

“இன்னாபா இது… உள்ள எதையோ சொருவி வச்சிகீற?”

இழுத்தாள். மெதுவாக, நீளமாக வந்தது. மூங்கில் குச்சி. தசரதன் தீக்குச்சி கிழித்துக் காட்டினார். ராயப்பன் வெட்டுகளை எண்ணினார். ஏழு.

அவள் பிடித்திருந்த முனையில் செம்மண் அப்பியிருந்தது. ஈர மண். அவள் விரல்களில் ஒட்டியது.

நாகம்மாள் மறுமுனையை முந்தானையால் துடைத்து, முந்தானையை முகர்ந்து பார்த்தாள். பிறகு ராயப்பனைப் பார்த்தாள்.

டேங்கில் பெட்ரோல் இல்லை. ராயப்பன் போட மறந்திருந்தார்.