எனாமல் மேல் அடித்த சுண்ணாம்பு

என் பெயர் சகினா. வயது நாற்பத்தெட்டு. கணவர் பெயர் இனாயத் பாஷா. மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள தெருவில், நான்கு வீடுகள் கொண்ட கட்டடத்தில், முதல் மாடியில் கணவருடன் குடியிருந்து வருகிறேன். எங்களுக்கு வீட்டுக்கடன் கொடுத்த நிறுவனம், காம்பவுண்டுச் சுவரில் அவர்கள் எழுதியிருந்த அறிவிப்பை நான் அழித்துவிட்டதாகவும், அவர்களுடைய வசூல் அதிகாரி அஸ்வத் என்பவரைத் திட்டியதாகவும் புகார் கொடுத்திருப்பதால், காவல் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள், வந்தேன். துணைக்குக் கீழ் வீட்டுத் தங்கம் அக்கா வந்திருக்கிறார். உதவி ஆய்வாளர் ஷீலா அம்மா விசாரிக்க நான் சொல்வதாவது.

என் கணவர் பெயிண்டிங் காண்டிராக்டர். ஆறு ஆட்களை வைத்து அடையாறு, தி.நகர், அசோக் நகர் பக்கம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் பெயிண்ட் அடித்துக் கொடுத்து வந்தார். அந்த வருமானத்தைக் காட்டித்தான் கடன் வாங்கி இந்த வீட்டை வாங்கினோம். ஒன்பது வருடம் ஒரு தவணைகூடத் தவறியதில்லை, இதையும் எழுதிக்கொள்ளுங்கள். போன வருடம் ரம்ஜான் முடிந்த கையோடு, அசோக் நகரில் ஒரு வீட்டில் சாரத்தில் நின்று வேலை செய்துகொண்டிருந்தபோது அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. அதன் பிறகு கையில் இருந்த பணமும் என் நகையும் ஆஸ்பத்திரிக்குப் போயின. அதன் பிறகு வேலைக்கு முன்பணம் கொடுத்தவர்கள் திருப்பிக் கேட்டார்கள், ஆட்கள் வேறு மேஸ்திரியிடம் போய்விட்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் வயிறு இருக்கிறது. நான் காலையில் இடியாப்பம் பிழிந்து விற்றேன். அந்தக் காசு அரிசிக்கும் மாத்திரைக்கும் சரியாக இருந்தது, தவணைக்கு எட்டவில்லை.

இவருக்கு அதிர்ச்சியாக எதுவும் சொல்லக் கூடாது, இன்னொரு தடவை வந்தால் உடம்பு தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அதனால் தவணை ஒழுங்காகப் போகிறது என்று அவரிடம் பொய் சொன்னேன். மாதம் பிறந்தால் என் முகத்தைப் பார்ப்பார், கட்டியாச்சு என்பேன். நிறுவனத்திலிருந்து போன் வந்தால் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவேன், அவர்கள் பேசிய பேச்சையெல்லாம் இங்கே சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. அதன் பிறகு ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். திவால் என்று கோர்ட்டில் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிடுங்கள், கையைக் கழுவிக்கொள்ளலாம் என்றார். வீட்டுக்கடன் மட்டுமா அதில் போகும்? இருபது வருடமாக என் கணவரை நம்பிக் கடனுக்குப் பெயிண்ட் கொடுத்த கடைக்காரர் சண்முகவேல் அண்ணனுடைய பாக்கியும் அல்லவா சேர்ந்து போகும்? மாட்டேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை மதியம் இரண்டு பேர் வந்து, தெருவைப் பார்த்த காம்பவுண்டுச் சுவரில், இந்த வீடு அடமானத்தில் இருக்கிறது, கடன் கட்டவில்லை, யாரும் வாங்கி ஏமாற வேண்டாம் என்று என் கணவர் பெயரையும் போட்டுச் சிவப்பு எனாமலில் முழ உயரத்துக்கு எழுதிவிட்டுப் போனார்கள். கடன் கட்டாதது உண்மை, நான் மறுக்கவில்லை. நோட்டீஸ் அனுப்பினார்கள், கையெழுத்துப் போட்டு வாங்கினேன். ஆனால் ஊரில் உள்ள சுவருக்கெல்லாம் பெயிண்ட் அடித்தவருடைய பெயரை அவர் வீட்டுச் சுவரிலேயே இப்படி எழுதினால் பெண்டாட்டிக்கு வயிறு எரியுமா எரியாதா? அடுத்த திங்கட்கிழமை அவரை மாடியிலிருந்து இறக்கி, அரசு ஆஸ்பத்திரிக்குக் கை கால் பயிற்சிக்காகக் கூட்டிப் போக வேண்டும். கேட்டைத் தாண்டினால் முதலில் கண்ணில் படுவது அந்தச் சுவர்தான். படித்தால் அங்கேயே விழுந்துவிடுவார் என்று பயந்தேன். அந்தப் பயத்தில்தான் அழித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் மாத்திரை போட்டுத் தூங்கிய பிறகு சுண்ணாம்பு கரைத்து எடுத்துக்கொண்டு கீழே போனேன். திருட்டுத்தனமாகச் செய்யவில்லை, பட்டப்பகலில் தெருவே பார்க்கச் செய்தேன். தங்கம் அக்கா திருநெல்வேலிப் பக்கம், அவருடைய வீட்டுக்காரர் தனபாலன் தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். தண்ணீர் மோட்டார் விஷயமாக அந்த வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரு வருடமாகப் பேச்சு இல்லை. அக்கா வெளியே வந்து சுவரையும் என்னையும் பார்த்தார். "என்னத்துக்கு ஒத்தையில நின்னு கஷ்டப்படுதிய? சுவரு எங்களுக்கும் பொதுதானே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஸ்டூல் எடுத்து வந்து போட்டார். ஸ்டூல் போட்டது மட்டும்தான் அவர். சுண்ணாம்பு அடித்தது நான். அவரை இந்த வழக்கில் சேர்க்கக் கூடாது.

இரண்டு கோட்டு அடித்தேன், சாயந்திரம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பெயிண்டருக்கு வாழ்க்கைப்பட்டு இத்தனை வருடம் ஆகியும் நான் பிரஷ் பிடித்தது அன்றைக்குத்தான். எனாமல் எண்ணெய்ப் பெயிண்ட், அதன் மேல் சுண்ணாம்பு பிடிக்காது என்பது எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை காலையில் கீழே போய்ப் பார்த்தால், எழுத்தின் மேல் இருந்த சுண்ணாம்பு மட்டும் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, சுற்றிலும் பளீரென்று வெள்ளையாகி, எழுத்து முன்னைவிட எடுப்பாக நின்றது. அந்த நிறுவனம் எனக்குக் கூலி கொடுத்திருக்க வேண்டும்.

அதற்குள் ஆட்டோ வந்துவிட்டது. தனபாலன் அண்ணனும் ஆட்டோக்காரரும் என் கணவரை நாற்காலியோடு தூக்கி இறக்கி வந்து கேட்டுக்கு வெளியே வைத்தார்கள். நான் துப்பட்டாவை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு சுவருக்கு முன்னால் போய் நின்றேன். அந்தச் சுவரில் பாதியைக்கூட என்னால் மறைக்க முடியவில்லை. அவர் "தள்ளு" என்றார். தள்ளி நின்றேன், அவசரத்துக்கென்று டாக்டர் கொடுத்திருந்த, நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டேன். அவர் கடைசி எழுத்து வரைக்கும் படித்தார். படித்துவிட்டு, வாய் கோணிக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாக, "எனாமலு மேல சுண்ணாம்பு எப்டிம்மே நிக்கும்? பிரைமர் இன்னா ஆச்சு?" என்று கேட்டார்.

உங்களுக்கு முன்னாடியே தெரியுமா என்று கேட்டேன். "கையி காலுதான் பூட்ச்சி. காது நல்லாதான் கீது" என்றார். நான் பால்கனியில் நின்று கெஞ்சியதெல்லாம் அவருடைய கட்டிலுக்குக் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறது. தனக்குத் தெரியும் என்று தெரிந்தால் நான் உடைந்துவிடுவேன் என்று அவரும் பேசாமல் இருந்திருக்கிறார். ஒரே வீட்டுக்குள் ஒரு வருடத்துக்கு மேல் இரண்டு பேரும் மாறி மாறி நடித்திருக்கிறோம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கும் அழுகைக்கும் அளவே இல்லை, தெருவில் நின்று அழுதேன். ஆட்டோக்காரர் வெயிட்டிங் சார்ஜ் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில், வீட்டை நாமே விற்றுவிடலாம் என்று அவர் சொன்னார். ஏலத்தில் போனால் ஒன்றும் மிஞ்சாது, நாமே விற்றால் நிறுவனத்துக் கடனும் அடையும், சண்முகவேல் பாக்கியும் அடையும், மிச்சம் இருந்தால் பாலவாக்கம் பக்கம் வாடகைக்குப் போய்க்கொள்ளலாம் என்பது அவருடைய கணக்கு. ஒன்பது வருடம் கட்டிய வீட்டை அவர் ஒரு வார்த்தையில் விட்டுவிட்டார், எனக்குத்தான் விட வரவில்லை. அழுதுகொண்டே சரி என்றேன். விற்கிற வீட்டுக்கு முதலில் பெயிண்ட் அடிக்க வேண்டும், சுவரில் இப்படி எழுத்து இருந்தால் பார்க்க வருகிறவன் பாதி விலைக்குக் கேட்பான் என்றும் சொன்னார். மறுநாளே நிறுவனத்துக்குப் போய், நாங்களே விற்றுக் கட்டுகிறோம், மூன்று மாதம் அவகாசம் வேண்டும் என்று மனு கொடுத்தேன். இதுவரை பதில் இல்லை. அதன் பிறகு சண்முகவேல் அண்ணன் கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். பிரைமரும் பெயிண்டும் உப்புக்காகிதமும் எடுத்து வைத்து, "இது பாய் வூட்டுச் சுவத்துக்கு, நீ கிளம்பும்மா" என்றார்.

உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்தது நான். அடிப்பூச்சாகப் பிரைமர் அடித்தது நான். அதன் பிறகு என் கணவரைக் கீழே இறக்கிச் சுவர் ஓரம் நிற்க வைத்தோம். விழுந்துபோன வலது கையில் பிரஷைக் கொடுத்து, இடது கையால் அந்தக் கையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் இழுத்தார். ஆரம்பத்தில் கையில் பணம் இருந்தபோது நாங்கள் காசு கொடுத்து வீட்டுக்கு வரவழைத்த பயிற்சிக்காரரிடம் ஒரு நாளும் தூக்க மாட்டேன் என்று அடம் பிடித்த கை அது. அந்த நேரம் பார்த்து அஸ்வத் வந்தார். என் கணவர் அவரைத் திரும்பிப் பார்த்ததில் கால் தடுமாறிச் சாய்ந்தார், ஓடி வந்து தாங்கிப் பிடித்தவர் அஸ்வத்தான். நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, அதன் பிறகுதான் சுவரையும் பிரஷும் கையுமாக இருந்த அவரையும் சேர்த்துப் போட்டோ எடுத்தார். நான் திட்டியதாகச் சொல்கிறார். திட்டினேன். "உங்கப்பா பேர உன் வூட்டுச் சுவத்துல எழுதினா நீ சும்மா இருப்பியா நைனா" என்று கேட்டேன். வேறு கெட்ட வார்த்தை எதுவும் பேசவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கும் மேல இருந்து பிரஷர்மா" என்றார். அவர் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை.

அந்தப் போட்டோவைக் காட்டி, எழுத்தை அழித்ததில் என் கணவருக்கும் பங்கு உண்டா என்று கேட்கிறீர்கள். சுண்ணாம்பும் பிரைமரும் அடித்தவள் நான்தான், என் மேல் என்ன வழக்கு வேண்டுமானாலும் போடுங்கள். அவர் செய்தது ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்த பயிற்சி. சீட்டைக் கொண்டு வந்திருக்கிறேன். நல்ல கையால் விழுந்த கையைப் பிடித்துச் சுவரில் மேலும் கீழும் கொண்டு போக வேண்டும் என்று எழுதியிருக்கிறது. கையில் பிரஷ் இருக்கக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை.

இதெல்லாம் நடந்தது நடந்தபடி நான் சொன்னது. ஷீலா அம்மா படித்துக் காட்டக் கேட்டேன், கூட்டியும் இல்லை, குறைத்தும் இல்லை. சுவரில் இன்னும் ஒரு கோட்டு பாக்கி இருக்கிறது.

(ஒப்பம்) சகினா