லாரியில அடிபட்டவர்

மாதுங்கா மெஸ்ஸில் மோர்க்குழம்பு நன்றாக இருக்கும். பக்கத்து இலைக்காரர் ஃபோர்ட்டில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஹெட் கிளார்க். தமிழில் சொல்வதை இங்கிலீஷில் எழுத ஆள் வேண்டும் என்றார். ஊரிலிருந்து வந்து வேலை கிடைக்காமல் பயந்துபோயிருந்த நேரம். சேர்ந்துவிட்டேன்.

மோட்டார் வண்டிக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயமாகி அப்போது இரண்டு வருஷம். ரோட்டில் போகிறவனை லாரி இடித்தால், லாரிக்காரனுக்காகக் கம்பெனி நஷ்டஈடு தர வேண்டும். அதே சரக்கு லாரியில் ஓசியில் ஏறி வந்தவன் செத்தால் கம்பெனிக்குப் பொறுப்பில்லை. நீங்கள் கேட்கிற கேஸ் விஷயம் முழுவதும் இதற்குள் அடங்கிவிடும்.

தாராவித் தோல் கிடங்கில் வேலை செய்த இசக்கிப்பாண்டி, சயான் பக்கம் நடந்து வரும்போது, எங்கள் கம்பெனியில் இன்ஷூர் செய்திருந்த லாரி மோதிச் செத்துப்போனான். கூட வந்த பெண்டாட்டி பூமாரி கேஸ் போட்டாள். அவளிடம் வாக்குமூலம் வாங்க என்னை அனுப்பினார்கள். அவள் குடிசை வாசலில் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு நின்றேன்.

"என்ன ஐயரே, எங்க நாத்தம் ஒமக்கு ஆவலியோ? இந்த நாத்தத்துலருந்துதான் ஒம்ம காலுக்குச் செருப்பு வந்துருக்கு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"வந்த காரியத்தைப் பேசு. உன் புருஷன் எப்படிச் செத்தான்?"

"செத்தானா? செத்தாருன்னு சொல்லும். ரோட்டோரமா ரெண்டு பேரும் நடந்து வந்தோம். லாரியில அடிபட்டுச் செத்தாரு."

லாரியில அடிபட்டார் என்றால் லாரி மோதியது என்று தமிழ் தெரிந்த யாருக்கும் புரியும். ஆனால் வார்த்தைக்கு வார்த்தை வைத்தால் இங்கிலீஷில் அது 'லாரிக்குள்' என்றுதான் வரும். அப்படியே எழுதினேன். ரோட்டோரம் நடந்து வந்த சமாசாரம் தேவையில்லாத நீளம் என்று பட்டது. விட்டுவிட்டேன். பிறகு, "லாரியில அடிபட்டுச் செத்தார்" என்று அவளுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன்.

"இப்பந்தான் மரியாதையா எழுதிருக்கீரு" என்று சொல்லிப் பெருவிரலை மையில் தொட்டு வைத்தாள்.

ஓசியில் ஏற்றி வந்தேன், தவறி விழுந்தான் என்று டிரைவரும் சாட்சி சொன்னான். அவனுக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான்தான்.

பூமாரியின் வக்கீலுக்குத் தமிழ் தெரியாது. அவளுக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது. கோர்ட்டில் மொழிபெயர்ப்பவர் அன்றைக்கு லீவு. இரண்டு தரப்பும் சம்மதித்து என்னையே கூண்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

"உன் புருஷன் லாரிக்குள் இருந்தானா?" என்று ஜட்ஜ் இங்கிலீஷில் கேட்டார்.

"உன் வீட்டுக்காரர் லாரியிலதானே அடிபட்டார்?" என்று நான் தமிழில் கேட்டேன்.

"லாரியிலதான். பெறவு டிராமிலயா அடிபட்டாரு? எத்தனை மட்டம்வே கேப்பீரு?"

ஆமாம் என்று ஜட்ஜிடம் சொன்னேன். ஆமாம் என்றுதானே அவளும் சொன்னாள். கேஸ் தள்ளுபடியாயிற்று. அந்த மாதமே என் வேலை நிரந்தரமாயிற்று.

அவளுடைய வக்கீல் மராத்தியில் ஏதோ சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். அவள் தாழ்வாரத்தில் என்னை மறித்தாள். "வே, தீர்ப்பு என்னன்னு சொல்லிட்டுப் போம்."

"உன் பக்கம்தான். பணம் கம்பெனியிலேருந்து வரும். வேற யார்கிட்டயும் போய் நிக்காதே, காரியம் கெட்டுடும்."

அதுவரை என்னை முறைத்தே பார்த்தவள், முதல் தடவையாகக் கும்பிட்டாள். அப்பீல் செய்கிற கெடு அப்படியே தாண்டிப் போயிற்று.

இப்போதும் ஆபீஸ் வாசலில் வந்து உட்காருகிறாள். வெயிலில் விடாதே, நிழலில் உட்கார வை என்று காவல்காரனிடம் சொல்லியிருக்கிறேன். அந்த ஆபீஸில் அவள் பாஷை தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். நானும் கவனிக்காவிட்டால் பாவம், அவளை யார் கவனிப்பார்கள்.